"டீச்சர், அன்னைக்கு அவ ஜெபம் பண்ண மறந்துட்டாளா?"

அட்டன் பக்கத்து தேயிலைத் தோட்டம் ஒன்னுலயிருந்து 27 வயசு தங்கச்சி ஒருத்தங்க எழுதியிருக்காங்க. கொப்பித்தாள்ல பத்து பக்கம், பேனையால எழுதி போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பினது. தோட்டத்து பேரு, ஆளுங்க பேரு எல்லாத்தையும் எடுத்துட்டேன், அடையாளம் தெரியுற மாதிரி இருந்த சிலதை மாத்தியும் இருக்கேன்.

டவுன்ல ஒரு கொமியுனிகேஷன் கடையில வேலை பாக்குறாங்க. ஏழு வருஷமா தோட்டத்து ஜெபவீட்டுல சன்டே ஸ்கூல் டீச்சர். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்ச நேரம் கீழ் லயத்து வரிசை வீடுகள் மேல மண் சரிஞ்சு, இவங்க கிளாஸ்ல படிச்ச ஒன்பது வயசு பிள்ளை செத்துப்போச்சு. அடக்க ஆராதனையில பாஸ்டர், "இந்த தோட்டத்துல குடியும் விக்கிரகமும் கூடிப்போச்சு, ஆண்டவர் எச்சரிச்சிருக்கார்"னு பிரசங்கம் பண்ணியிருக்கார். அடுத்த ஞாயிறு கிளாஸ்ல ஒரு சின்னப்பையன் எழும்பி, "டீச்சர், அன்னைக்கு அவ ஜெபம் பண்ண மறந்துட்டாளா?"ன்னு கேட்டானாம். இவங்களுக்கு வாய் வரல. பிள்ளைகளை ஒரு பாட்டு பாடச்சொல்லிட்டு வெளிய வந்து பைப்படியில முகத்தை கழுவிட்டு நின்னாங்களாம், உள்ள பாட்டு முடிஞ்சும் போக முடியலையாம்.

இன்னொரு பக்கம் அம்மா. 31 வருஷம் கொழுந்து எடுத்துட்டு 2024 மார்ச்ல வேலையை விட்டு நின்னவங்க. சேவைக்கால பணம் இன்னும் வரல. தோட்டத்து ஆபிசுக்கு போனா "அடுத்த மாசம் வாங்க". தோட்டத்து யூனியன் தலைவர் கிட்ட கேட்டா "மேல பேசியிருக்கு". பாஸ்டர் கிட்ட சொல்லி அழுதா, "முறுமுறுக்காதீங்கம்மா, வனாந்தரத்துல முறுமுறுத்தவங்க கானானுக்குள்ள போகல". அந்தம்மா இப்பவும் முழங்கால் வலியோட, அன்னாடக் கூலியா கைக்காசுக்கு கொழுந்து எடுக்கப்போறாங்க, கிடைக்கிறதுல பத்துல ஒன்னை ஒரு பழைய பால்மா டின்ல போட்டு மாசக்கடைசியில தசமபாகம்னு கொண்டுபோய் கொடுக்குறாங்க. அந்த டின்ல காசு விழுற சத்தம் கேட்டாலே எனக்கு கோவம் வருதுன்னு எழுதியிருக்காங்க.

ராவுல தூக்கம் இல்ல. மழை சத்தம் கேட்டா எழும்பி வாசல் இஸ்தோப்புல போய் உக்காந்துக்கிறாங்க. இன்டர்நெட்ல நிறைய வாசிக்கிறாங்க, வெள்ளைக்காரன் நம்மளை அடக்கி வைக்க கொடுத்த மதம் தான் இதுன்னு ஒரு பக்கம் தோணுது, இப்படி நினைக்கிறதே மன்னிப்பில்லாத பாவமோன்னு இன்னொரு பக்கம் பயம். கடைசி பக்கத்துல கேட்டது இது: "அக்கா, கடவுள் இருந்தா ஏன் இப்படி? இல்லன்னா எங்கம்மா 31 வருஷம் யாரை நம்பி மலைக்கு ஏறினாங்க? நம்பாமலே ஞாயித்துக்கிழமை பாடம் சொல்லிக்குடுக்கிற நான் யாருக்கு துரோகம் பண்றேன், ஆண்டவருக்கா, அம்மாவுக்கா, அந்த பிள்ளைகளுக்கா?"

தங்கச்சி, நான் உளவளத்துணையாளர், ஊழியக்காரி இல்ல. உங்களை பழைய விசுவாசத்துக்கு திருப்பி கொண்டாந்து விடவும் எனக்கு அதிகாரம் இல்ல, அதுலயிருந்து கையை புடிச்சு வெளிய இழுக்கவும் இல்ல. நானும் லயத்துல பொறந்து, இடுப்புல படங்குச்சாக்கு கட்டின அம்மா முதுகைப் பாத்து வளந்தவ தான், ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு போறவ தான், எல்லா ஞாயிறும் போறேன்னு பொய் சொல்ல மாட்டேன். இதை ஏன் சொல்றேன்னா என் பதில் எந்தப்பக்கத்துலயிருந்து வருதுன்னு உங்களுக்கு தெரியணும்.

உங்க கடிதத்தை ரெண்டாவது தடவ வாசிக்கும்போது ஒன்னு கவனிச்சேன். "கடவுள் இருக்காரா"ங்கிற கேள்வி எட்டாவது பக்கத்துல தான் வருது. அதுக்கு முந்தின ஏழு பக்கமும் மனுசங்க சொன்னதும் மனுசங்க செஞ்சதும் தான் இருக்கு, பாஸ்டர் சொன்னது, கிளாக்கர் சொன்னது, தலைவர் சொன்னது, மழைத்தண்ணி ஓடுற கான் வெட்டாம விட்டது, பணம் தராம இழுக்கிறது. இவ்வளவையும் ஒரே மூட்டையா கட்டி கடவுள்ங்கிற ஒரே ஆள் தலையில தூக்கி வச்சிட்டு, அவரும் பேசாம இருக்கார்னு கோவப்படுறீங்க. கோவம் நியாயம் தான். ஆனா மூட்டையை அவிழ்த்து பாத்தா உள்ள நாலஞ்சு வேற வேற சாமான் இருக்கு, சிலதுக்கு பதில் சொல்ல வேண்டிய ஆள் மேசை நாற்காலி போட்டு ஆபிஸ்ல உக்காந்திருக்கார், சிலதுக்கு மருந்து இருக்கு, ஒன்னே ஒன்னுக்கு தான் காலம் வேணும். அதனால பிரிச்சே எழுதுறேன்.

மண் சரிஞ்சது யார் பாவத்தால

அந்த பையன் கேட்ட கேள்வி புதுசு இல்ல. இயேசு காலத்துல சீலோவாம்னு ஒரு இடத்துல கோபுரம் இடிஞ்சு விழுந்து பதினெட்டு பேர் செத்தாங்க. ஊர்ல இருந்த மத்தவங்களை விட அவங்க தான் பாவின்னு நினைக்கிறீங்களான்னு இயேசுவே கேட்டு, இல்லன்னு அவரே சொல்றார், லூக்கா 13ல இருக்கு. மனந்திரும்புங்கன்னும் அதே இடத்துல சொல்றார், ஆனா அதை நின்னு கேட்டுக்கிட்டிருந்த உசுரோட இருக்கிறவங்களுக்கு சொல்றார், செத்தவங்க தலையில பழி வைக்கல. யோபுவோட கூட்டாளிங்க நீ ஏதோ பாவம் செஞ்சிருப்பேன்னு பக்கம் பக்கமா பேசினாங்க, கடைசியில கடவுள் கோவிச்சுக்கிட்டது அந்த கூட்டாளிங்க மேல, கத்திக் கேள்வி கேட்ட யோபு மேல இல்ல. அடக்க ஆராதனையில கேட்ட விளக்கத்தை நீங்க ஏத்துக்கலைன்னா அதனால வேதத்தையே தள்ளிட்டீங்கன்னு ஆகாது. வேதத்துக்குள்ளயே உங்க பக்கம் பேச ஆள் இருக்கு.

இப்ப மலைக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில கொஸ்லந்த மீரியபெத்தயில லயத்தோட மண் சரிஞ்சு போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அப்ப உங்களுக்கு 15, 16 வயசு. அந்த இடம் ஆபத்தானது, சனங்களை வேற இடத்துக்கு மாத்தணும்னு கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வருஷக்கணக்கா முன்னாடியே எச்சரிச்சிருந்தது. அந்த லயத்துல கோயிலுக்கு போனவங்களும் இருந்தாங்க, குடிச்சவங்களும் இருந்தாங்க, பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்ட பிள்ளைகள் தப்பினது அந்த நேரத்துல வீட்டுல இல்லாததால. நம்ம லயங்கள் நிறைய வெள்ளைக்காரன் காலத்துல, எங்க நிலம் தேயிலைக்கு ஆகாதோ அங்க, சரிவுக்கு அடியில வரிசையா கட்டினது. கான் தூந்துபோனா மழைத்தண்ணி ஓட வழியில்லாம மண்ணுக்குள்ள இறங்கும், இறங்கின தண்ணி பாரத்துல மண் கழரும், இவ்வளவு தான் அதோட கணக்கு. மேல் மலைக்கான் ரெண்டு வருஷமா வெட்டலன்னு மூணாவது பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீங்க, அந்த ஒரு வரியை விட்டுட்டு குடியையும் விக்கிரகத்தையும் யோசிக்க வச்சது தான் அந்த பிரசங்கம் செஞ்ச பெரிய கெடுதல்.

ஆனா பாஸ்டர் பத்தி ஒன்னு. அன்னைக்கு ராத்திரி மண்வெட்டி பத்தாம கையாலயே மண்ணை தோண்டினவங்கள்ல அவரும் ஒருத்தர், நகம் பேந்து ரத்தம் வந்ததுன்னு போறபோக்குல எழுதியிருக்கீங்க. அந்த பிள்ளையை தூக்கினவருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கு, காரணமே இல்லாம இப்படி நடக்கும்ங்கிறதை தாங்க முடியாம கைக்கு கிடைச்ச காரணத்தை எடுத்திருக்கார். அவர் சொன்னது தப்பு தான், அந்த பிள்ளையோட அப்பா அம்மா முன்னாடி சொல்லவே கூடாதது. ஆனா மனுசர் கெட்டவர் இல்லன்னு நினைக்கிறேன், இது பின்னாடி உங்களுக்கு உதவும்.

பையனுக்கு இன்னும் பதில் சொல்லலன்னா இப்ப சொல்லுங்க, மாசக்கணக்கு ஆனாலும் பரவால்ல, பிள்ளைகள் மறக்காது. கஷ்டமான இறையியல் எல்லாம் வேணாம். "இல்லப்பா, அவ எதையும் மறக்கல. மழையால மண் இளகிப்போச்சு, அவ வீடு அடியில இருந்துச்சு. அது அவ தப்பு இல்ல, உன் தப்பும் இல்ல. ஏன் கடவுள் தடுக்கலன்னு எனக்கும் தெரியல." அந்த கடைசி வசனத்தை சொல்ல பயப்படாதீங்க. டீச்சருக்கே தெரியலன்னா பிள்ளை பயந்துடும்னு நினைக்கிறோம், உண்மையில, தான் ஜெபம் பண்ண மறந்தா தனக்கும் அப்படி ஆகும்னு நினைச்சுக்கிட்டு தினம் ராவுல ரெண்டு தடவ ஜெபம் பண்ணிட்டு முழிச்சுக்கிட்டு கிடக்குற பிள்ளை தான் பயந்த பிள்ளை. அதோட பெரிய பிள்ளைகளுக்கு அடையாளத்தையும் சொல்லிக்குடுங்க, செவுத்துலயும் நிலத்துலயும் புது வெடிப்பு, மரமும் போஸ்டும் சாய்றது, இல்லாத இடத்துல திடீர்னு கலங்கின ஊத்து வர்றது, இதுல எதைக் கண்டாலும் வீட்டுல சொல்லி எழும்பி போகணும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோட 117க்கு கோல் எடுக்கலாம்னு. சன்டே ஸ்கூல்ல இதையா சொல்றதுன்னு யாராவது கேட்டா, வெள்ளம் வர முன்னாடியே பேழை கட்டின நோவாவை ஞாபகப்படுத்துங்க.

"வெள்ளைக்காரன் கொடுத்த மதம்"

இன்டர்நெட்ல நீங்க வாசிச்சதுல பாதி உண்மை இருக்கு, அதை மறைக்க மாட்டேன். நம்ம சனங்களுக்குன்னே 1854ல தொடங்கின மிஷனுக்கு பேரே தமிழ் கூலி மிஷன். தோட்டத்து தொரைமாரோட ஆதரவுல தான் அது நடந்துச்சு, தொரை அனுமதி இல்லாம யாரும் லயத்துப்பக்கம் வர முடியாத காலம். அடக்கமா இரு, காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்கு நேரத்துக்கு போ, பரலோகத்துல பலன் இருக்குங்கிற பாடம் யாருக்கு வசதின்னு யோசிக்கிறது பாவம் இல்ல, யோசிக்கத்தான் வேணும்.

மத்த பாதி என்னன்னா, அந்த மதத்துக்குள்ளயிருந்தே அதை எதிர்த்தும் ஆள் வந்திருக்கு, நம்ம மலையிலயே. 1972ல கண்டியில போல் கஸ்பர்ஸ்ங்கிற இயேசு சபை பாதர் சத்யோதயங்கிற அமைப்பை தொடங்கினார், சிங்களவரும் இல்ல, தமிழரும் இல்ல, பறங்கி வம்சம், ஆனா தோட்டத்து சனங்களோட உரிமையை பேசியே வயசானார். கீழ் ஊவாவுல புத்தலயில ஏழை பௌத்த விவசாயிங்களோட குடிசையில இருந்த மைக்கல் ரொட்ரிகோ பாதரை 1987 நவம்பர் 10ல பூசை முடியிற நேரத்துல சுட்டுக்கொன்னாங்க. இவங்க வாசிச்சதும் உங்க பாஸ்டர் கையில இருக்கிற அதே புத்தகம் தான். முறுமுறுக்காதேங்கிற வசனம் அதுல இருக்கு, வயல் அறுத்த வேலைக்காரனுக்கு கொடுக்காம புடிச்சு வச்ச கூலி கூக்குரல் போடுது, அது கர்த்தரோட காதுக்கு போயிட்டதுன்னு யாக்கோபு 5லயும் இருக்கு. உங்கம்மா விஷயத்துக்கு எந்த வசனம் பொருந்தும்னு நீங்களே சொல்லுங்க.

உங்க பாட்டி காலத்தையும் யோசிச்சு பாருங்க. 1948 பிரஜாவுரிமை சட்டத்துக்கு அப்புறம் இந்த நாட்டு பதிவுல இல்லாத ஆளாக்கினாங்க, 1964ல இந்தியாவோட ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு இங்க எத்தனை பேர், அங்க எத்தனை பேர்னு தலைக்கணக்குல பிரிச்சாங்க. பாட்டி பேரு முழுசா, தப்பில்லாம, அவங்க அப்பா பேரோட எழுதியிருக்கிற ஒரே புத்தகம் கோயில் ஞானஸ்நான புத்தகம்னு நீங்க எழுதியிருக்கீங்க, படிச்சு கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டேன். அம்மா யாரை நம்பி மலைக்கு ஏறினாங்கன்னு கேட்டீங்கல்ல. எனக்கு தெரியாது, அம்மாவை தான் கேக்கணும். ஆனா தோட்டத்து வேலைப்பதிவு செக்ரோல்ல நம்பரா இருந்த ஒரு பொம்பளைக்கு அவளோட பேர் சொல்லி கூப்பிட்ட ஒரு இடம் இருந்திருக்கு, அதை வெறும் ஏமாளித்தனம்னு ஒரே வார்த்தையில முடிச்சிடாதீங்க. அந்த டின்ல விழுற காசும் கொஞ்சம் அப்படித்தான், தன் கையால ஒரு இடத்துக்கு கொடுக்க முடியுதுங்கிற மரியாதை. பாத்து சலிச்சாலும் டின்னை ஒளிச்சு வைக்காதீங்க. ஆனா மருந்துக்கு காசு ஒதுக்கிட்டு மிச்சத்துல கொடுங்கம்மான்னு சொல்றதுல எந்த தப்பும் இல்ல.

மன்னிப்பில்லாத பாவம்னு பயப்படுறதுக்கு: நான் வேத பண்டிதர் இல்ல, ஆனாலும் இயேசு உயிர்த்தெழுந்ததை நம்பாத சீஷர் தோமா கதையை முழுசா வாசிங்க. காயத்துல விரலை போட்டுப் பாக்காம நம்ப மாட்டேன்னு சொன்ன ஆளு, எட்டு நாள் கழிச்சும் மத்த சீஷர்களோட அதே வீட்டுக்குள்ள தான் இருக்கார். யாரும் அவரை வெளிய போடல, அவரும் கதவை சாத்திட்டு போகல. அந்த எட்டு நாள் அந்த வீட்டுக்குள்ள என்ன பேசிக்கிட்டாங்கன்னு வேதத்துல இல்ல, எனக்கு அதை தான் தெரிஞ்சுக்க ஆசை.

அம்மாவோட காசு

இது ஜெபக்குறிப்பு இல்ல, சட்டம். நான் வக்கீல் இல்ல, ஆனா இந்த வேலையில இருக்கிறதால இதே கதையோட வர்ற அம்மாமாரை நிறைய பாத்துட்டேன், அதனால அடிப்படை தெரியும்.

1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்க பணிக்கொடை சட்டம், நாம சேவைக்கால பணம்னு சொல்றது. அஞ்சு வருஷத்துக்கு மேல வேலை செஞ்சவங்களுக்கு, நாட்சம்பளக்காரங்கன்னா, வேலை செஞ்ச ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியா வாங்கின சம்பளத்துல. அம்மாவுக்கு 31 வருஷம்னா 434 நாள். 2024 மார்ச்ல நாட்சம்பளம் 1,000 ரூபான்னு வச்சா 434,000 ரூபா. வேலையை விட்டு 30 நாளுக்குள்ள கொடுத்திருக்கணும். பிந்தினா மேலதிகமா கட்டணும், பன்னிரண்டு மாசத்துக்கு மேல போனா நூத்துக்கு முப்பது, அதாவது இன்னொரு 130,200 ரூபா. கடைசி கணக்கை லேபர் ஆபிஸ்ல தான் பாத்து சொல்லணும், ஆனா "அடுத்த மாசம்"னு சொல்ற ஆளுங்க எவ்வளவு காசை வச்சுக்கிட்டு சொல்றாங்கன்னு உங்களுக்கு தெரியணும்.

ரெண்டு வருஷம் ஆயிட்டதால உரிமை போயிடுச்சுன்னு தலைவர் சொன்னதா எழுதியிருக்கீங்க. அந்த பேச்சை கேட்டு விட்டுட வேணாம். உங்க பிரதேச லேபர் ஆபிஸ்ல எழுத்துல முறைப்பாடு கொடுங்க, கொடுத்ததுக்கு நம்பரோ சீல் வச்ச கொப்பியோ கேட்டு வாங்குங்க. லயத்து வீட்டை விட்டு போனாத்தான் காசுன்னு ஆபிஸ்ல சொன்னா வாயால கேட்டுட்டு வராதீங்க, எழுதி தாங்கன்னு கேளுங்க, அதையும் லேபர் ஆபிசர் கிட்ட காட்டுங்க. வக்கீல் வைக்க காசு இல்லன்னா சட்ட உதவி ஆணைக்குழுவுல இலவசமா பாப்பாங்க.

ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎப்) எடுத்தாச்சான்னு நீங்க எழுதவே இல்ல! அது வேற, இது வேற, நிறைய பேர் ஒன்னுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அம்மா சம்பளத்துல நூத்துக்கு 8 வெட்டி, தோட்டம் 12 போட்டு சேர்த்த காசு அது. பொம்பளைகளுக்கு 50 வயசானா எடுக்கலாம். ஊழியர் நம்பிக்கை நிதின்னு தோட்டம் தனியா போட்ட நூத்துக்கு 3ம் இருக்கு. சேமலாப நிதிக்கு கே போர்ம்ங்கிற விண்ணப்பம் நிரப்பணும், பி கார்ட்ங்கிற அங்கத்துவ அட்டை வேணும். இங்க நம்ம சனங்க மாட்டிக்கிறது பேர்ல தான். செக்ரோல்ல ஒரு பேரு, ஞானஸ்நானத்துல வேற பேரு, அடையாள அட்டையில அதே பேரு எழுத்துப்பிழையோட. அதை சரிபண்ணவே மாசக்கணக்கு ஓடும், அதனால இந்த வேலையை முதல்ல தொடங்குங்க.

இதுல ரிஸ்க் இல்லன்னு சொல்ல மாட்டேன். முறைப்பாடு போனா கைக்காசு வேலைக்கு அம்மாவை கூப்பிடாம விடலாம், மடுவத்துல கொழுந்து நிறுக்கிற நேரம் முகத்தை திருப்பலாம், தலைவர் கோவிக்கலாம். தனியா போகாதீங்க. அதே வருஷம் வேலையை விட்டு நின்ன நாலஞ்சு அம்மாமார் இதே லயத்துல இருப்பாங்க, அவங்களையும் சேர்த்து ஒரே நாள்ல போங்க, ஒரு ஆளை ஒதுக்குறது லேசு, அஞ்சு பேரை ஒதுக்குறது கஷ்டம். பாஸ்டரை கூட கூப்பிட்டு பாருங்களேன், சிரிக்காதீங்க. கையால மண் தோண்டின மனுசர் ஆபிஸ் வாசல்ல உங்க அம்மா பக்கத்துல வந்து நிக்க மாட்டார்னு முடிவு பண்ணிடாதீங்க. வரலன்னா அதுவும் உங்களுக்கு ஒரு தகவல் தான்.

சன்டே ஸ்கூல், ஜெபவீடு, அம்மா

நாட்டு சட்டப்படி உங்களுக்கு தடை ஒன்னும் இல்ல. அரசியலமைப்பு 10ஆம் உறுப்புரை, சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் உள்ள சுதந்திரம் எல்லாருக்கும் இருக்கு, நம்புற உரிமையும் அதுல தான், நம்பாம விடுற உரிமையும் அதுல தான். ஆனா உங்களுக்கு பயம் சட்டத்தை பத்தி இல்லைன்னு தெரியும். தோட்டத்துல ஜெபவீடுங்கிறது ஞாயித்துக்கிழமை ஆராதனை மட்டும் இல்ல. சாவு வீட்டுக்கு பாய் கொண்டாறது அவங்க, ஆஸ்பத்திரியில ராவு நிக்கிறது அவங்க, சீட்டு போடுறது அவங்க, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்குறதும் அவங்க. எனக்கு நம்பிக்கை இல்லன்னு ஒரு நாள் மைக்ல சொல்லிட்டு வந்தா அன்னைக்கு மனசு லேசா இருக்கும், அடுத்த நாள் பைப்படியில அம்மா தனியா நிப்பாங்க. இப்படியே ஒன்னுமே சொல்லாம இன்னும் ஏழு வருஷம் பாடம் எடுத்தா வெளிய எல்லாம் சரியா இருக்கும், நீங்க உள்ள காஞ்சுபோவீங்க. ரெண்டையும் செஞ்சவங்களை பாத்திருக்கேன், ரெண்டாவது தான் ஆளை கூட உருக்குது.

நான் சொல்றது நடுவுல ஒன்னு. டீச்சர் வேலைக்கு மூணு மாசம் லீவு கேளுங்க, காரணம் கேட்டா உண்மையில பாதியை சொல்லுங்க, அந்த பிள்ளை செத்ததுலயிருந்து தூக்கம் இல்ல, என்னால இப்ப படிப்பிக்க முடியலன்னு. அது பொய் இல்ல. ஆராதனைக்கு போறதா வேணாமான்னு அந்தந்த ஞாயிறு முடிவு பண்ணுங்க. பாட்டு பாட முடிஞ்சா பாடுங்க, சாட்சி சொல்ல கூப்பிட்டா இன்னைக்கு வேணாம்னு சொல்லுங்க. மூணு மாசத்துல கடவுளை பத்தி தீர்ப்பு எழுதணும்னு யாரும் உங்களுக்கு நாள் குறிக்கல, நீங்களும் குறிச்சுக்காதீங்க. அதுக்கப்புறம் வேற சபையில மனசு நிக்கலாம், இதே ஜெபவீட்டுல வேற ஆளா உக்காரலாம், ஒன்னுமே வேணாம்னும் ஆகலாம். மூணுலயும் நல்ல மனுசங்களா வாழுறவங்களை எனக்கு தெரியும்.

அம்மா கிட்ட எப்படி சொல்றது? கடவுள் இல்லன்னு தொடங்காதீங்க, அங்க கதவு சாத்திடும். "அந்த பிள்ளை போனதுலயிருந்து எனக்கு ஜெபிக்க வாய் வரலம்மா"ன்னு தொடங்குங்க. உங்க வயசுல அவங்களுக்கும் ஒரு பிள்ளை ஒரு வயசுல செத்துப்போச்சுன்னு, உங்களுக்கு முந்தினது, நாலாவது பக்கத்துல ஒரே வரியில எழுதியிருக்கீங்க. அப்ப அம்மா ஜெபிச்சாங்களான்னு எப்பவாவது கேட்டிருக்கீங்களா? கேளுங்க. பதில் நீங்க நினைக்கிறதா இருக்காதுன்னு எனக்கு ஒரு எண்ணம்.

துரோகம்ங்கிற வார்த்தையை இந்த கதையில நான் எங்கயும் காணல தங்கச்சி. பைப்படியில வாய் வராம நின்னீங்களே, அந்த பிள்ளைகளுக்கு அன்னைக்கு பொய் சொல்ல கூடாதுன்னு தான் நின்னீங்க.

மழை சத்தம்

பாஸ்டர் வீட்டம்மா உங்களுக்கு விடுதலை ஜெபம் பண்ணணும், ஏதோ ஆவி புடிச்சிருக்குன்னு சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. நீங்களும் விசுவாசம் போனதால தான் தூக்கம் போச்சுன்னு நம்புறீங்க. எனக்கு தலைகீழா தெரியுது. மழை பேஞ்சா நெஞ்சு படபடக்கிறது, மண் வாசம் வந்தா வயித்தை பெரட்டுறது, அந்த ராத்திரி கண்ணு முன்னாடி திரும்ப திரும்ப வர்றது, இது பெரிய பேரழிவை பாத்த உடம்புக்கு வர்ற காயம், விசுவாசிக்கும் வரும், விசுவாசம் இல்லாதவங்களுக்கும் வரும். மாசக்கணக்கா போகுதுன்னா தானா ஆறட்டும்னு விடக்கூடாது. பக்கத்து ஆதார வைத்தியசாலையில மனநல கிளினிக் நாளை கேட்டு போங்க, காசு இல்ல. கொழும்பு அங்கொடை மனநல நிறுவனத்தோட 1926 நம்பருக்கு எந்நேரமும் கோல் எடுக்கலாம், தமிழ்ல பேசணும்னு கேளுங்க. வாழவே வேணாம்னு தோணுற ராவு ஏதாவது வந்தா, அது வந்துச்சா இல்லையான்னு நீங்க எழுதல, அன்னைக்கு விடியும்னு பாத்துக்கிட்டு இருக்காம அப்பவே எடுக்கணும்.

ஜெபம் பண்ண வர்றவங்களை வேணாம்னு சொல்லணும்னு இல்ல, அம்மா மனசுக்கு அது ஆறுதல்னா பக்கத்துல உக்காருங்க. ஆனா சாப்பாட்டை நிறுத்தி உபவாசம் போடச்சொன்னாலோ, மருந்தை நிறுத்தச்சொன்னாலோ, ஆவி போகுதுன்னு அடிச்சாலோ எழும்பி வந்துடுங்க.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்க போதும். அம்மாவோட அடையாள அட்டை, பி கார்ட், பழைய சம்பளத்துண்டு, ஞானஸ்நான கொப்பி எல்லாத்தையும் இஸ்தோப்புல வெளிச்சத்துல பரப்பி வச்சு, ஒவ்வொன்னுலயும் பேர் எப்படி எழுதியிருக்குன்னு ஒரு தாள்ல கீழ கீழ எழுதுங்க, எழுத்து மாறாம அப்படியே. அம்மாவை பக்கத்துல வச்சுக்கிட்டு எழுதுங்க. அந்த தாளை போட்டோ புடிச்சு எனக்கு அனுப்புங்க, எந்த பேரை எங்க திருத்தணும்னு பாத்து சொல்றேன்.